ஒரு விநாடிக்கு 300 படங்கள்! கிரிக்கெட்டில் ஸ்லோமோஷன் கேமராவை இயக்குவது யார், எப்படி?

2020 நவம்பர் 6, அபுதாபி. ஐ.பி.எல் எலிமினேட்டர் ஆட்டம். 56 ரன்களோடு களத்தில் நின்ற டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்தது, சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனின் யார்க்கர். கண்ணிமைப்பதற்குள் முடிந்துபோன அந்தப் பந்தை, மேச்சேரியில் டி.வி முன்னால் இருந்தவர்களும் ஆற அமர ரசிக்க முடிந்ததற்குக் காரணம் ஸ்லோமோஷன் ரீப்ளே.

சாதாரண கேமரா ஏன் போதாது?

நம் நாட்டு டி.வி ஒளிபரப்பில் விநாடிக்கு 25 முழுப் படங்கள். மணிக்கு 130 கி.மீ வேகத்தில் வரும் பந்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே சுமார் ஒன்றரை மீட்டர் கடந்துவிடும். விநாடிக்கு 300 படங்கள் எடுக்கும் கேமராவில் அந்த இடைவெளி வெறும் 12 செ.மீ. அதை வழக்கமான வேகத்தில் ஓட்டினால், 1 விநாடி 12 விநாடியாக நீளும்.

ரன் அவுட்டில்தான் இதன் அருமை தெரியும். மணிக்கு 22 கி.மீ வேகத்தில் ஓடும் பேட்ஸ்மேனின் மட்டை, சாதாரண கேமராவில் படத்துக்குப் படம் 24 செ.மீ நகர்ந்திருக்கும். அதிவேக கேமராவில் 2 செ.மீ மட்டுமே. அவுட்டா, இல்லையா என்பது அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. டி.வி ரீப்ளே பார்த்து ரன் அவுட் கொடுக்கப்பட்ட முதல் வீரர், நம் சச்சின்தான். 1992 நவம்பர், டர்பன் டெஸ்ட்!

வேனுக்குள் நடப்பது என்ன?

மைதானத்தில் இருக்கும் கேமராமேனின் வேலை, பந்தை விடாமல் பின்தொடர்வது. படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்பவர் ஒளிபரப்பு வேனுக்குள் இருக்கும் இன்ஜினீயர். விநாடிக்கு 300 படம் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது அதிகபட்சம் 300-ல் ஒரு பங்கு விநாடி வெளிச்சமே. அதனால் மேகம் மறைத்தாலும், மைதானத்தில் நிழல் விழுந்தாலும் லென்ஸின் திறப்பை உடனே மாற்ற வேண்டும்.

பக்கத்திலேயே ரீப்ளே ஆபரேட்டர். கேமரா அனுப்புவது எல்லாம் சர்வரில் பதிவாகிக்கொண்டே இருக்கும். சக்கரத்தைச் சுழற்றிச் சரியான படத்தில் நிறுத்தி, கைப்பிடியைத் தள்ளி வேகத்தைக் கூட்டிக் குறைப்பது இவர் கைவேலை. அடுத்த பந்து வீசுவதற்குள் ரீப்ளே தயாராக வேண்டும்.

2024 ஐ.பி.எல்-லில் இன்னொரு மாற்றம் வந்தது. 8 அதிவேக கேமராக்களின் காட்சிகளைக் கையாளும் ஹாக்-ஐ ஆபரேட்டர்கள், மூன்றாவது நடுவரின் அறையிலேயே உட்கார்ந்தார்கள். நடுவில் டி.வி டைரக்டர் இல்லாததால், நடுவர் கேட்ட கோணம் சீக்கிரமே கைக்கு வந்தது.

உங்கள் போனிலும் பார்க்கலாம்!

ராத்திரி மேட்ச்சை போனில் 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் எடுத்தால் படம் மினுக் மினுக்கென்று வருகிறதா? போனில் கோளாறு இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரிந்துவிடுகிறது. பெரிய மைதானங்களில் மினுக்காத எல்.இ.டி விளக்குகள் போடுவதும் இதனால்தான்.

உங்கள் ஊர் நடராஜனின் யார்க்கரைப் பதிவு செய்ய வேண்டுமா? பகல் வெயிலில் எடுங்கள், தெளிவாக வரும்!