ஜன்னலில் ஒளிந்திருக்கும் மத்தாப்பு

மத்தாப்பின் வெள்ளொளி அலுமினியத் தூள் எரிவதால் உண்டாவது என்பதைச் சிவகாசிப் பக்கத்தில் அறியாதார் இல்லை. அதே உலோகத்தாலான ஜன்னல் சட்டத்தில் பூசிய வர்ணம் மட்டும் ஏன் விரைவில் உரிந்துவிடுகிறது?

காற்றுப் பட்டதும் அலுமினியத்தின்மேல் மெல்லிய ஆக்ஸைடு ஏடு படிகிறது. உலோகத்தை அரிக்காமல் காப்பதும் அதுவே. வர்ணத்தைப் பற்றவிடாததும் அதுவே.

ஆகையால் முதலில் சோப்பு நீரால் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குங்கள். பின்பு தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து, கழுவி, உலர்ந்ததும் தாமதியாமல் அலுமினியத்துக்கென்றே விற்கும் பிரைமரைப் பூசுங்கள். அதன்மேல் வர்ணம் நிலைக்கும்.

ஈரமின்றித் தேய்த்தல் கூடாது; பறக்கும் தூள் மத்தாப்பு மருந்தின் உடன்பிறப்பு. ஈரத்தூளை டப்பாவில் மூடி வைப்பதும் ஆகாது. அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும்.

2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த ஜில்லா நம்முடையது. ஒரு பிடித் தூள்தானே என்று நாம் அலட்சியம் செய்யலாமா?