பூனை வளர்க்கும் சகோதரிகளுக்கு...

பூனை வளர்க்கும் வீடுகளில் ஃபினாயிலை யோசித்துத்தான் உபயோகிக்க வேண்டும். பூனை ஓயாமல் காலையும் உடம்பையும் நக்கிக்கொண்டே இருக்குமல்லவா? ஈரத் தரையில் நாலு தரம் நடந்தால் போதும், பாதத்தில் ஒட்டியதெல்லாம் வயிற்றுக்குள் போய்விடும். சில ரசாயனங்களை முறிக்கிற சக்தி நமக்கும் நாய்க்கும் இருக்கிற அளவு பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது.

எங்கள் வீட்டில் மூன்று பூனைகள். துடைக்கும்போது அதுகளைக் கொல்லைப்புறம் விட்டுக் கதவைச் சாத்திவிடுவேன். ஃபினாயில் போட்ட நாளில் வெறும் தண்ணீரில் இன்னொரு தரம் துடைத்து, தரை காய்ந்த பிறகுதான் உள்ளே விடுவது. "பூனைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்பார் மாமியார். சொல்லிவிட்டுப் போகட்டும்!

இதைவிட மோசம் காய்ச்சல் மாத்திரை. 2023 மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு அக்கா, 'பூனைக்கு உடம்பு கொதிக்குதே' என்று பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பாலில் கரைத்துக் கொடுத்துவிட்டார். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மருந்துதானே என்ற நினைப்பு. சாயங்காலம் முகமும் பாதமும் வீங்கி, ஈறு பழுப்பாகி, மூச்சு வாங்க ஆரம்பித்தது. காலையில் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூடையில் வைத்துத் தூக்கிப் போனோம். வழியிலேயே அடங்கிவிட்டது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் இந்த மருந்து செய்துவிடுமாம். 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே பூனையின் உயிரை எடுக்கப் போதும் என்றார் டாக்டர். உடனே கொண்டு வந்திருந்தால் மாற்று மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாமாம். அக்கா அன்றைக்குப் பூராவும் சாப்பிடவில்லை. பாசத்தில் செய்தது, அவரை என்ன சொல்ல?

அடுத்தது நூல். பூனை நாக்கில் தொண்டைப் பக்கமாக வளைந்த சின்னச் சின்ன முட்கள் உண்டு. வாயில் நூல் சிக்கினால் துப்ப வராது, விழுங்கிக்கொண்டேதான் போகும். அதனால் பூக்கட்டிய மிச்ச நூல், ஊசி நூல் எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. குடல் அறுபடும். அப்படியே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

புடவைக்கு நடுவில் போடும் நாப்தலீன் உருண்டையும் விஷம்தான். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்கும் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பே வந்துவிடும்.

நாய் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மிச்சமான வெங்காய சாம்பார் சாதத்தைத் தினமும் போடாதீர்கள். வெங்காயமும் பூண்டும் வெந்தாலும் நாயின் ரத்த அணுக்களை அழிக்கும். பாயசத்துத் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஏதாவது தின்றுவிட்டது தெரிந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஃபினாயில் மாதிரியானது திரும்ப மேலே வந்தால் தொண்டையும் நுரையீரலும் புண்ணாகும். பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.