கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம்

எண்பதுகளில் அரசுக் கலைக் கல்லூரியில் படித்த யாரிடமாவது நூலகத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கவுன்ட்டரில் காத்து நின்ற கதையைத்தான் முதலில் சொல்வார்கள். அந்தப் பக்கம் அட்டெண்டர், அவருக்குப் பின்னால் கம்பிவலைக் கதவு போட்ட பீரோக்கள். இந்தப் பக்கம், கையில் துண்டுச்சீட்டோடு மாணவர்கள். புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து, இது நமக்கு வேண்டுமா என்று முடிவு செய்யும் வசதி பேராசிரியர்களுக்கு மட்டும்தான் இருந்தது.

சீட்டு எழுதுவதற்கே ஒரு பழக்கம் வேண்டும். சுவரோரம் மர அலமாரியில் சின்னச் சின்ன இழுப்பறைகள் இருக்கும். ஆசிரியர் பெயருக்கு ஒரு வரிசை, தலைப்புக்கு ஒரு வரிசை, பொருளுக்கு ஒரு வரிசை. இழுத்தால் அடியில் கம்பி கோத்த அட்டைகள். பாதி தட்டச்சு செய்தவை, மீதி நூலகரே மையில் எழுதியவை. பலர் விரல் பட்டுப் பட்டு மேல் விளிம்பு கறுத்துப்போயிருக்கும். மூலையில் இருக்கும் எண்தான் முக்கியம். தமிழ் இலக்கியம் படிக்க வந்தவருக்கு டியூயி நூல்பகுப்பு முறையின் 894.811 சில வாரங்களில் மனப்பாடம் ஆகிவிடும். அந்த எண், ஆசிரியர், தலைப்பு, தன் பெயர், வகுப்பு எல்லாம் எழுதி நீட்ட வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் ஒரு புத்தகத்தோடு நிறுத்த மாட்டார்கள், மூன்று எழுதுவார்கள். முதலாவது வெளியே போயிருந்தால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. மூன்றும் இல்லை என்று அட்டெண்டர் கைவிரிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

அறுபது பேர் வகுப்புக்குப் பாடநூல் மூன்று நான்கு பிரதி இருந்தால் அதிகம். கிடைத்தவர் எடுத்துப் போனால், விடுதியில் அந்தப் புத்தகம் இரவு முழுக்க அறை அறையாகச் சுற்றும். கையால் பார்த்து எழுதி வைத்துக்கொண்டவர்கள் உண்டு. கல்லூரி வாசலில் ஸெராக்ஸ் கடை வந்த பிறகுதான் அந்தப் பாடு குறைந்தது. தேர்வுக்கு முன் சிலர் வேண்டிய பக்கங்களைக் கிழித்துக்கொண்டு போனதும் நடந்தது. பீரோவைப் பூட்டி வைத்ததற்கு அதையே காரணமாகச் சொன்னார்கள்.

உண்மையான காரணம் கணக்கு. ஆண்டுக்கு ஒரு முறை ஸ்டாக் வெரிஃபிகேஷன் நடக்கும். பதிவேட்டில் உள்ள புத்தகம் அலமாரியில் இல்லையென்றால் நூலகர் பதில் சொல்லியாக வேண்டும்; சில இடங்களில் சம்பளத்தில் பிடிக்கவும் செய்தார்கள். எத்தனை மாணவர்கள் படித்தார்கள் என்று அவரை யாரும் கேட்டதில்லை. புத்தகம் குறையாமல் இருந்தால் நல்ல நூலகர் என்று பெயர். அப்படி இருக்கும்போது அவர் பூட்டத்தான் செய்வார்.

இதைத் தவறு என்று சொன்னவர் நம் ஊர்க்காரர் என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். லண்டன் சென்று பயின்று திரும்பியதும், வாசகர் அலமாரி வரை போய்ப் புத்தகம் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1931-இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளில் முதலாவதே, நூல்கள் பயன்படுத்துவதற்காக என்பதுதான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளரும் உயிர் என்பவை மற்ற நான்கு. உலகம் முழுவதும் நூலகவியல் மாணவர்கள் இவற்றைப் படிக்கிறார்கள். இவை எழுதப்பட்ட மாநிலத்தில், அரை நூற்றாண்டுக்குப் பிறகும் கல்லூரி மாணவர்கள் பீரோவுக்கு வெளியே நின்றார்கள்.

அந்தக் கவுன்ட்டரில் இருந்த மனிதர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நல்ல அட்டெண்டர் ஒருவர் வாய்த்துவிட்டால் அது பெரிய கொடுப்பினை. எட்டாம் வகுப்போடு நின்றவராக இருப்பார், ஆனால் எந்தப் பேராசிரியர் எந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பாடம் எடுக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். "தம்பி, நீ எழுதியிருக்கிறது கஷ்டமா இருக்கும். போன வருசம் பசங்க எல்லாம் இதைத்தான் கொண்டுபோனாங்க, இதை முதல்ல படி" என்று சீட்டில் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார். சொல்லும்போதே கடைசி அட்டையைத் திறந்து, ஒட்டியிருக்கும் தேதித் தாளைக் காட்டுவார். ஊதா மையில் தேதிகள் நெருக்கமாக விழுந்திருந்தால் நாலு பேருக்குப் பயன்பட்ட புத்தகம் என்று அர்த்தம். வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆளுக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரிய துணை!

மாற்றம் மெல்லத்தான் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 1991-இல் தொடங்கிய இன்ஃப்லிப்நெட் திட்டத்தின் வழியே 'சோல்' என்ற நூலக மென்பொருள் கல்லூரிகளுக்கு வந்தது. பிறகு நியூசிலாந்தில் உருவான, விலையில்லாத 'கோஹா' வந்தது. புத்தகங்களில் பார்கோடு ஒட்டினார்கள். அட்டை இழுப்பறைகள் வராந்தாவுக்குப் போயின. தரமதிப்பீட்டுக்கு நாக் குழு வரும்போது நூலகம் கணினிமயமா, மின்னிதழ் சந்தா உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்றெல்லாம் கேட்கத் தொடங்கியதும் நிர்வாகங்கள் சுறுசுறுப்பாயின. பீரோக்கள் போய்த் திறந்த அலமாரிகள் வந்ததற்கு இந்தக் கேள்விகளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆய்வு மாணவர்களுக்குக் கிடைத்த நன்மையைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக மதிக்கிறேன். அன்று எம்.ஃபில். செய்கிறவர் தன் தலைப்பில் ஏற்கெனவே யாராவது ஆய்வு செய்திருக்கிறார்களா என்று பார்க்க, முதல்வரிடம் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு, இரவுப் பேருந்து பிடித்து மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டும். ஆய்வேடு அந்தந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் மட்டும்தான் இருக்கும். அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுத்துவிட்டு, சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மறுநாளும் போக வேண்டும். தெரிந்தவர் இல்லாத ஊர் என்றால் பெண்களுக்கு அந்த ஆய்வே கைவிட்டுப்போகும். ஆய்வேடுகளை மின்வடிவிலும் தர வேண்டும் என்று 2009-இல் விதி வந்தது. இன்று 'ஷோத்கங்கா' என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் யாரும் திறந்து படிக்கும்படி இருக்கின்றன. தமிழ்த்துறை ஆய்வேடுகள் ஏராளம். உடுமலையில் இருப்பவரும் உசிலம்பட்டியில் இருப்பவரும் வீட்டுத் திண்ணையிலிருந்தே படிக்கலாம்.

இளங்கலை மாணவர்களுக்கும் கதவுகள் திறந்தன. கல்லூரிகளுக்கென்று 2010-இல் 'என்-லிஸ்ட்' வந்தது. ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களும் லட்சக்கணக்கான மின்னூல்களும் ஒரே கடவுச்சொல்லில். கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய தேசிய மின்னூலகம் 2018-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். அரசு நடத்தும் கல்லூரிகளுக்கு இது செலவில்லாமல் கிடைக்கிறது. ஒரு சிற்றூர்க் கல்லூரி தன் காசில் இவற்றில் பத்து இதழ்கூட வாங்கியிருக்க முடியாது. ஆனால் தமிழ்நாட்டில் கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியார் நடத்துபவை. அங்கே படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் இது எட்டினால்தான் திட்டத்தின் பெயர் பொருந்தும்.

இவ்வளவும் வந்த பிறகு மாணவர் கையில் என்ன இருக்கிறது? வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய பி.டி.எஃப். எழுதியவர் யார், எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தது, எந்த ஆண்டுப் பாடத்திட்டம், எதுவும் இருக்காது. அதைப் படித்துத்தான் பலர் தேர்வு எழுதுகிறார்கள்.

ஏன் இப்படி என்று பார்த்தால், இடையில் சின்னச் சின்ன விஷயங்கள் நிற்கின்றன. என்-லிஸ்ட் கடவுச்சொல் மாணவரின் மின்னஞ்சலுக்குத்தான் வரும். அந்த மின்னஞ்சல், சேர்க்கை விண்ணப்பம் போட்ட பிரவுசிங் சென்டரில் அங்கிருந்தவர் அவசரத்துக்குத் தொடங்கிக் கொடுத்தது. பல பிள்ளைகளுக்கு அதன் முகவரியே ஞாபகம் இருக்காது. முதல் மாத நுழைவு வகுப்பில் நூலகத்துக்கு ஒதுக்கியது அரை மணி நேரம். அந்த அரை மணியில் இருநூறு பேருக்கு ஒலிபெருக்கியில் சொல்லி முடித்துவிடுவார்கள். மூன்றாம் ஆண்டில் புராஜெக்ட் எழுதும்போது ஒரு மாணவி வந்து, "சார், நம்ம காலேஜ்லயே இதெல்லாம் இருக்கா?" என்று கேட்பதை நான் ஒரு தடவை அல்ல, பல தடவை கேட்டிருக்கிறேன். சந்தா கட்டிய இதழ்கள் அவளுக்காக மூன்று ஆண்டு காத்திருந்திருக்கின்றன.

தேடத் தெரிவதும் அப்படித்தான். 'பெண் கல்வி' என்று தட்டினால் பல்லாயிரம் முடிவுகள் வரும். அதில் எது ஆய்வுக் கட்டுரை, எது விளம்பரம், எந்த ஆண்டு, யாருக்காக எழுதியது என்று பிரித்துக் காட்ட ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த அட்டெண்டர் செய்த வேலை இதுதான். வாசகருக்கும் நூலுக்கும் இடையில் ஓர் ஆள் நின்று இருவரையும் சேர்த்துவைப்பதைத்தான் ரங்கநாதன் நூலகப் பணியின் உயிர்நாடியாகக் கருதினார். நூல் குறைவாக இருந்த காலத்தைவிட இன்றுதான் அந்த ஆள் அதிகம் தேவை. அப்படியிருக்க, எல்லாம் ஆன்லைனில் வந்துவிட்டதே, நூலகத்துக்கு எதற்கு இத்தனை பேர் என்று நிர்வாகங்கள் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வாசிப்பறை காலியாகிவிட்டது என்று சொல்பவர்கள் மதியத்துக்கு மேல் போய்ப் பார்க்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையான பள்ளிப் பாடநூல்களைத் தாங்களே கொண்டுவந்து அடுக்கிவைத்துப் படிக்கிறார்கள். அவர்களுக்கு நூலகத்தின் புத்தகம் வேண்டாம். மின்விசிறி, செல்போன் சார்ஜ் போட ஓர் இடம், யாரும் வேலை ஏவாத மூன்று மணி நேரம், இவை போதும். ஒரே அறை வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய சேவை இல்லை. காலை ஷிப்ட் முடிந்து கடையில் வேலைக்குப் போகிறவர் மாலை ஆறு மணிக்குத்தான் படிக்க வர முடியும். பெரும்பாலான கல்லூரி நூலகங்கள் அதற்குள் மூடிவிடுகின்றன. அன்றும் இதே நேரம்தான். நூலகத்தில் மாறாத ஒன்றைக் காட்டு என்றால் இந்தக் கடிகாரத்தைத்தான் காட்டுவேன்.

பார்வையற்ற மாணவர்களுக்கு வந்த மாற்றம் பாதி வழியில் நிற்கிறது. அன்று நண்பர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். அவருக்கு வேலை வந்தால் படிப்பு நிற்கும். இன்று என்.வி.டி.ஏ. போன்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருள் தமிழையும் படித்துக் காட்டுகிறது. ஆனால் பழைய தமிழ் நூல்களை வெறும் படமாக ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தால் அதற்கு அங்கே எழுத்தே தெரியாது.

மொழியும் இப்படி ஓர் இடத்தில் வழிமறிக்கிறது. அந்த 13,000 இதழ்களில் கிட்டத்தட்ட எல்லாமே ஆங்கிலம். தமிழ்வழியில் வரலாறோ பொருளாதாரமோ படிக்கிற பிள்ளைக்குத் துணை, எழுபதுகளில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிகளுக்கென்று வெளியிட்ட தமிழ் நூல்கள்தான். புள்ளிவிவரங்கள் பழசாகியிருக்கலாம், கருத்தைத் தெளிவாகச் சொல்லும் தமிழ் பழசாகவில்லை. அவை இப்போது பல கல்லூரிகளில் கடைசி அலமாரியில், கட்டு விட்டுப்போய், மின்னூலகத்துக்கு இடம் ஒதுக்கும்போது கழிக்க வேண்டியவை என்ற பட்டியலில் இருக்கின்றன. எடைக்குப் போடுவதற்கு முன் ஒவ்வொரு தலைப்பும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாததைத் தனியே எடுத்துவைத்து, ஸ்கேன் செய்ய அனுப்பிவிட்டுத்தான் பதிவேட்டில் சிவப்புக் கோடு போட வேண்டும். இரண்டு மாணவர்களை உதவிக்கு வைத்துக்கொண்டால் ஒரு கோடை விடுமுறையில் செய்து முடித்துவிடக்கூடிய வேலை இது.