மூத்த மாணவர்கள் நடத்திய பாடம்

பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அவனுடைய நண்பனே சிகரெட்டை நீட்ட, சுற்றிலும் நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்க, அந்த வேளையில் 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லை எந்த முகத்தோடு சொல்வது என்று தெரியாமல் அவன் திகைத்துப் போகிறானே, அந்தத் திகைப்பிலேதான் பெரும்பாலோருடைய புகைப்பழக்கம் ஆரம்பமாகிறது என்பது என் திடமான அபிப்பிராயம். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வரக்கூடிய வியாதியைக் காட்டிலும் அந்த நிமிஷத்தின் கேலிச் சிரிப்பே பிள்ளைக்குப் பெரிதாகப் படுவதால், புற்றுநோயைக் காட்டிப் பயமுறுத்தும் உபதேசம் அவன் மனத்தில் தங்குவதில்லை.

இதை உணர்ந்து, 1970-களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில், ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆல்ஃபிரெட் மக்காலிஸ்டர், செரில் பெர்ரி முதலிய ஆராய்ச்சியாளர்கள், போதிக்கும் பொறுப்பையே மேல்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒப்படைத்துப் பார்த்தார்கள். ஏழாம் வகுப்புக் குழந்தைகள் யாரைப் போல நடக்கவும் உடுக்கவும் பேசவும் ஆசைப்படுகிறார்களோ, அந்த அண்ணன்மாரும் அக்காமாருமே வகுப்புக்குள் வந்து நின்று, ஒரு சிறு நாடகம் நடத்தினார்கள். ஒருவன் சிகரெட் நீட்டுவதாகப் பாவனை, மறுத்ததும் "பயந்தாங்கொள்ளி!" என்று ஏசுவதாகப் பாவனை, ஏச்சுக் கேட்டவன் தலை குனியாமல், "நீ மெச்ச வேண்டும் என்று நான் புகைத்தால் அல்லவா பயந்தாங்கொள்ளி!" என்று திருப்பிச் சொல்லி, நாக்குக்கு அது படியும்வரை பழக வேண்டும். அம்மை குத்துவதில் நோயின் சிறு அம்சத்தை முன்கூட்டியே உடலில் ஏற்றிப் பலம் உண்டாக்குவதுபோல, வரப்போகும் கேலியைப் பத்திரமான இடத்தில் முன்பே கேட்கச் செய்வதுதான் இதன் தத்துவம். இப்பயிற்சி பெற்ற பள்ளியில் புகைக்கத் தொடங்கிய பிள்ளைகளின் தொகை, பெறாத பள்ளியைவிட வெகுவாகக் குறைந்திருந்தது.

அந்தச் செரில் பெர்ரியே, கால் நூற்றாண்டு கழித்து, நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களுடன் சேர்ந்து தில்லியிலும் சென்னையிலுமாக 32 பள்ளிகளில் 'மைத்ரி' என்ற திட்டத்தில் ஈடுபட்டார். 2004-ல் எடுத்த முதற்கணக்கே நெஞ்சைப் பதற வைப்பது: புகையிலையை ஒரு முறையேனும் தொட்டவர்கள் எட்டாம் வகுப்பில் நூற்றுக்கு 9 பேர் என்றால், அவர்களிலும் இளையவர்களான ஆறாம் வகுப்பில் ஏறக்குறைய 25 பேர்! இங்கே வகுப்பிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவத் தலைவர்கள் சக மாணாக்கரைக் கூட்டி விவாதமும் விளையாட்டும் நடத்தினார்கள். இரண்டு ஆண்டுகளில், அந்த 32-ல் திட்டம் நடந்த பள்ளிகளில் புகையிலைப் பழக்கம் 17 சதவீதம் குறைந்தது. திட்டம் நடவாத பள்ளிகளிலோ 68 சதவீதம் உயர்ந்தது.

பள்ளிக்கு 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்று 2003-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அது பெட்டிக்கடையைத் தள்ளி வைக்கலாம். தோழனுடைய கையைத் தள்ளி வைக்க அதனால் ஆகாது. ஆகவே தலைமையாசிரியப் பெருமக்களை வேண்டிக்கொள்கிறேன்: உங்கள் பள்ளியின் பதினோராம் வகுப்பில் தெளிந்த பிள்ளைகள் சிலரைத் தேர்ந்து, முறையாகப் பழக்கி, வாரத்தில் ஒரு பீரியடாவது ஆறாம் வகுப்புக்கு அனுப்பி வையுங்கள், எட்டாம் வகுப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.