‘சவரக்காரன்’ வந்துபோன இரவு

துடிப்பு – 17

தொண்டை வலியாகத் தொடங்கி இதய வால்வில் போய் உட்காரும் ருமாட்டிக் காய்ச்சலைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரக் கதை ஒரு சுவர் விரிசலில் தொடங்குகிறது. அதைப் பார்க்க 1907-ஆம் ஆண்டு பிரேசிலுக்குப் போக வேண்டும்.

மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் அப்போது ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலையாட்கள் மலேரியாவில் வரிசையாகப் படுத்துவிட, அதை அடக்க ரியோ டி ஜெனிரோவிலிருந்து கார்லோஸ் சாகஸ் என்ற இளம் மருத்துவரை அனுப்பினார்கள். வயது முப்பதுகூட ஆகவில்லை. லசான்ஸ் என்ற சிற்றூரில் அவருக்குக் கிடைத்தது ஒரு ரயில் பெட்டி. வீடு, ஆய்வகம், நோயாளிகளைப் பார்க்கும் அறை எல்லாம் அதுதான்.

அங்கே சுவர் விரிசல்களில் வாழ்ந்த ஒரு பூச்சியை அவருக்குக் காட்டியவர் ஒரு ரயில்வே பொறியாளர், கன்டாரினோ மோட்டா. ஊர்க்காரர்கள் அதை ‘பார்பேய்ரு’ என்பார்கள். சவரக்காரன் என்று பொருள். தூங்குகிறவர் போர்வைக்கு வெளியே விடுவது முகத்தைத்தானே, அங்கேதான் கை வைக்கும். நம் மூட்டைப்பூச்சிக்குத் தூரத்து உறவு. ஆனால் நீளம் ஓர் அங்குலம் இருக்கும். குச்சிகளைக் கட்டி மண் அப்பிய சுவர் காய்ந்து வெடித்தால், அந்த வெடிப்புகளில் குடும்பம் குடும்பமாகக் குடியேறிவிடும். விளக்கு அணைந்ததும் இறங்கி வரும். கடித்தால் வலிக்காது. தாள் மாதிரி தட்டையாக வந்தது, ரத்தம் குடித்து முடிக்கும்போது திராட்சைப் பழமாக உப்பியிருக்கும்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வயிறு நிறைந்ததும் அங்கேயே எச்சமிட்டுவிட்டுப் போகும். நோய்க்கிருமி இருப்பது கடிக்கும் வாயில் அல்ல, எச்சத்தில். தூக்கக் கலக்கத்தில் சொறிகிறவர், தன் கையாலேயே அதைக் காயத்திலோ கண்ணிலோ தேய்த்துக்கொள்கிறார். சில நாட்கள் கழித்து ஒரு பக்கத்துக் கண்ணிமை மட்டும் வீங்கும் குழந்தைகளைத் தென்னமெரிக்க மருத்துவர்கள் பார்த்தவுடன் சந்தேகப்படுவது இதனால்தான்.

பூச்சியின் குடலில் சாட்டை போன்ற வாலுடன் நெளிந்த ஒட்டுண்ணிக்கு, தன் ஆசான் ஓஸ்வால்டோ குரூஸைக் கௌரவிக்கும் விதமாக ‘டிரிப்பனோசோமா குருசி’ என்று சாகஸ் பெயர் வைத்தார். பிறகு லசான்ஸில் ஒரு வீட்டுப் பூனையின் ரத்தத்தில் அதைப் பார்த்தார். சில வாரங்கள் கழித்து, 1909 ஏப்ரல் 14 அன்று, அதே வீட்டில் காய்ச்சலோடு கிடந்த இரண்டு வயதுச் சிறுமி பெரெனிசியின் ரத்தத்திலும் பார்த்தார். நாம் சித்திரைப் புத்தாண்டு கொண்டாடும் ஏப்ரல் 14, இப்போது உலக சாகஸ் நோய் தினமும்கூட. நோயைப் பரப்பும் பூச்சி, நோய்க்கிருமி, நோயாளி மூன்றையும் ஒரே ஆள் கண்டுபிடிப்பது மருத்துவத்தில் அபூர்வம்.

நமக்கும் இதில் ஒரு நூலிழை உண்டு. அதே 1909-இல் சென்னையில் சார்லஸ் டோனவன், காலா அசார் நோயைப் பரப்புவது இந்தப் பூச்சியின் இந்திய உறவாக இருக்குமோ என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் ஊகம் பலிக்கவில்லை. குற்றவாளி மணல் ஈ என்று பின்னால் தெரிந்தது. அந்த இந்திய உறவு இன்றும் இங்கே இருக்கிறது. அதன் வயிற்றில் குருசி இல்லை என்பது நம் அதிர்ஷ்டம்.

சரி, இதயத்துக்கு வருவோம். ஆரம்பக் காய்ச்சல் ஓரிரு மாதங்களில் அடங்கிவிடும். பலருக்கு அது காய்ச்சலாகவே தெரிவதில்லை. அதன்பின் இருபது முப்பது ஆண்டுகள் ஒன்றும் நடக்காது, அல்லது நடப்பது தெரியாது. ஒட்டுண்ணி வாலை உதிர்த்துவிட்டு உருண்டையாக இதயத்தசைச் செல்லுக்குள் புகுந்து பெருகும், செல் வெடிக்கும், அடுத்த செல்லுக்குப் போகும். அதை விரட்ட வரும் நம் நோயெதிர்ப்புப் படையும் வயலை மிதித்துத்தான் விரட்டுகிறது. தசை இருந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பு நிறைகிறது.

முதலில் அடிபடுவது பெரும்பாலும் இதயத்தின் மின்கம்பிகள். ஈசிஜியில் ‘ரைட் பண்டில் பிராஞ்ச் பிளாக்’ என்று எழுதப்படும் கோளாறு இந்த நோயின் கையெழுத்து மாதிரி. துடிப்பு தாறுமாறாகும், மயக்கம் வரும், சிலருக்கு பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருக்கும். அடுத்து இடது கீழறையின் நுனி. பழைய சைக்கிள் டியூப் மெலிந்த இடத்தில் புடைக்குமே, அப்படி அங்கே ஒரு புடைப்பு. எக்கோவில் அது துடிப்போடு சேராமல் தனியே உப்பி நிற்கும். உள்ளே ரத்தம் தேங்கி உறையும். உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். மூச்சிரைப்பும் கால் வீக்கமும் வருவதற்குள், வயலில் நின்றபடியே சாய்ந்து இறந்துபோகிறவர்களும் உண்டு.

சாகஸும் எவுரிகோ வில்லேலாவும் இந்த இதயப் பாதிப்பைப் பற்றி 1922-இல் விரிவாக எழுதினார்கள். அதே நேரத்தில் ரியோவின் மருத்துவ அகாதெமியில், இது லசான்ஸில் நாலு பேருக்கு வந்த நோய், நாட்டின் பெயரைக் கெடுக்க ஊதிப் பெருக்குகிறார் என்று சாகஸைச் சாடிக்கொண்டிருந்தார்கள். நோயாளிகள் மண் வீட்டு ஏழைகள் என்பதால் அந்த வாதம் எளிதில் எடுபட்டது என்றே நினைக்கிறேன். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்த ஒட்டுண்ணியைச் சுமக்கிறார்கள்.

மருந்து இருக்கிறது: பென்ஸ்நிடசோல், சுமார் 60 நாள். தொற்றிய புதிதில் கொடுத்தால் அநேகமாகக் குணம். இதயம் கெட்ட பிறகு கொடுத்தால்? ஐந்து லத்தீன் அமெரிக்க நாடுகளில் 2,854 நோயாளிகளிடம் சோதித்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். ரத்தத்தில் ஒட்டுண்ணி குறைந்தது. இதயம் மோசமாவது குறையவில்லை. நோயாளி மருத்துவரைத் தேடி வருவதோ பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான்.

அதனால் போரே சுவரில்தான் நடந்தது. வீடு வீடாகப் பூச்சிமருந்து அடித்தார்கள், மண் சுவரைப் பூசினார்கள், ரத்த வங்கிகளில் பரிசோதனையைக் கட்டாயமாக்கினார்கள். வீட்டுக்குள் குடியிருந்த முக்கியப் பூச்சியினம் நோயைப் பரப்புவது நின்றுவிட்டதாக 2006-இல் பிரேசில் சான்றிதழ் பெற்றது. ஆனால் காட்டுப் பூச்சியோடு சேர்த்து அரைபட்ட கரும்புச் சாற்றிலும், அமேசான் பகுதியின் அசாயிப் பழக் கூழிலும் கிருமி இன்னும் வருகிறது. பிரேசிலின் தெற்கிலுள்ள சாந்தா கத்தரீனாவில் 2005-இல் அப்படித்தான் கரும்புச் சாறு குடித்தவர்களுக்கு வந்தது.

பெரெனிசி என்ன ஆனாள்? 1962-இல் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். ரத்தத்தில் குருசி இருந்தது. 1978-இல் மறுபடி சோதித்தார்கள், அப்போதும் இருந்தது. பத்துப் பேரில் மூவருக்கு இதயத்தை அரிக்கும் அந்த ஒட்டுண்ணி, எழுபது ஆண்டுகள் கூடவே இருந்தும் அவர் இதயத்தை மட்டும் தொடவில்லை.

(அடுத்த வாரம்: பேஸ்மேக்கர்)