பையிலிருந்த இரத்த வகை அட்டை: அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

பேசாலையில் நான் சந்தித்த ஒரு தாய், காணாமல் ஆக்கப்பட்ட மகனின் ஆவணங்களைப் பொலித்தீன் பையொன்றில் வைத்திருக்கிறார். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, முறைப்பாடுகளின் பிரதிகள், கூடவே பழைய இரத்ததான அட்டை ஒன்று. அதில் 'ஓ பொசிட்டிவ்' என்றிருக்கிறது.

"பிள்ளை, இதை வச்சு அந்தச் சதொச எலும்புகளில பாக்கேலாதோ?" என்று கேட்டார். சற்றுப் பொறுத்து, "எனக்கு ஏ, அவருக்கு பி. மகனுக்கு மட்டும் எப்பிடி ஓ வந்தது?" என்றார்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். செங்குருதிக் கலங்களின் மேற்பரப்பில் வெல்லச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அடிச் சங்கிலி ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றே. அதன் பெயர் 'எச்'. அதன் நுனியில் ஒரு நொதியம் இன்னொரு வெல்லத்தை ஒட்டுகிறது. அசற்றைல் கலக்டோசமைன் ஒட்டினால் ஏ, கலக்டோசு ஒட்டினால் பி. இந்த இரு நொதியங்களுக்கும் இடையில் நான்கே நான்கு அமினோ அமிலங்கள்தான் வித்தியாசம் என்பதை 1990இல் யமமோட்டோவின் குழு கண்டறிந்தது. ஓ வகையில் பெரும்பாலும் அந்தப் பரம்பரையலகில் ஒரேயொரு எழுத்து விடுபட்டிருக்கும். அதனால் நொதியம் அரைகுறையாக முடிந்து, வேலை செய்யாது. நுனி வெறுமையாகவே இருக்கும்.

இந்தப் பரம்பரையலகு 9ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. தாய் 'ஏ'யோடு ஒரு 'ஓ'வையும், தந்தை 'பி'யோடு ஒரு 'ஓ'வையும் சுமந்தால், இரண்டு 'ஓ'வும் பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அந்த வீட்டில் நடந்தது அதுதான். இதை அறியாமல் பெண்கள்மீது சந்தேகப்பட்ட குடும்பங்களும் உண்டு.

முதல் கேள்விதான் கடினமானது. எலும்பில் இரத்த வகை பார்க்கும் முறைகள் முன்பு இருந்தன. ஆனால் மண்ணிலுள்ள பக்டீரியாக்களிலும் ஏ, பி போன்ற வெல்லங்கள் உண்டு. அவை முடிவைக் குழப்பிவிடும். இன்று எலும்பின் மரபணுவிலிருந்தே இரத்த வகையை வாசிக்கலாம். வாசித்தாலும் என்ன? 'ஓ' நம் நாட்டில் மிகப் பரவலான வகை. இரத்த வகை பொருந்தாவிட்டால் 'இவர் அவரல்ல' எனலாம். பொருந்தினால் 'இவர்தான்' எனச் சொல்லவே முடியாது.

பெற்றோரின் வகையை வைத்து 'இது இவர்கள் பிள்ளையல்ல' என்று சொல்வதிலும் ஒரு பொறி இருக்கிறது. 1952இல் பம்பாயில் டொக்டர் பெண்டேயும் சகாக்களும் விவரித்த 'பம்பாய்' வகையினருக்கு அந்த 'எச்' சங்கிலியே கிடையாது. அவர்களிடம் ஏ அல்லது பி பரம்பரையலகு இருந்தாலும் வழமையான சோதனையில் ஓ என்றே தெரியும். அதனால் 'ஓ' என்று பதிவான இருவருக்கு ஏ வகைப் பிள்ளை பிறக்கவும் கூடும்.

ஆர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரையான இராணுவ ஆட்சியில் பிள்ளைகளையும் மருமக்களையும் பறிகொடுத்த பாட்டிமார், களவாடப்பட்ட பேரப்பிள்ளைகளைத் தேடினார்கள். தாயும் தகப்பனும் இல்லாமல் உறவை எப்படி நிரூபிப்பது? அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங் 1984 முதல் அவர்களோடு வேலை செய்தார். அங்கே இரத்த வகையோடு நிற்கவில்லை. வெண்குருதிக் கலங்களின் அடையாளங்களைப் பார்த்தார்கள். பின்னர் தாய்வழியாக மட்டுமே வரும் இழைமணி மரபணுவைப் பார்த்தார்கள். 1987இல் குடும்பங்களின் மாதிரிகளைச் சேமிக்கத் தேசிய மரபணு வங்கியொன்று சட்டத்தால் அமைக்கப்பட்டது.

நம்மிடம் எலும்புகள் இருக்கின்றன. 2018இல் மன்னார் சதொச வளாகத்தில் அகழ்வு தொடங்கி, சிறுவர்களுடையவை உட்பட 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. ஆறு மாதிரிகள் புளோரிடாவுக்கு அனுப்பப்பட்டன. 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என 2019 மார்ச்சில் முடிவு வந்தது. அது எல்லா எலும்புகளுக்கும் பொருந்துமானால், அந்தத் தாயின் மகன் அங்கே இல்லை. முந்நூறுக்கு ஆறு போதுமா என்பது உறவினர்களின் கேள்வி, நியாயமான கேள்விதான். காபன் பரிசோதனை எலும்பின் காலத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. 2013இல் திருக்கேதீச்சரத்தில் வெளிப்பட்டதானாலும் இனி வெளிப்படுவதானாலும், ஆளைச் சொல்ல ஒப்பிடுவதற்கு உறவினரின் மரபணு வேண்டும்.

இழைமணி மரபணு ஒவ்வொரு கலத்திலும் நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருப்பதால் பழைய எலும்பிலும் மிஞ்சும். அதைத் தாயோடும், தாய் இல்லாவிட்டால் அவருடைய சகோதரியோடும் ஏனைய பிள்ளைகளோடும் ஒப்பிடலாம். ஆனால் ஒரே தாய்வழியினர் பலருக்கும் அது ஒன்றாகவே இருக்கும் என்பதால், கரு மரபணுவையும் சேர்த்தே பார்ப்பார்கள். அதற்குத் தாயும் தகப்பனும் உயிரோடு இருக்கும்போதே மாதிரி எடுத்து வைப்பதுதான் பலமானது.

இதையெல்லாம் என்னால் இயன்றவரை சொன்னேன். அட்டையைப் பைக்குள் மடித்து வைத்தார்.

"அப்ப என்ர இரத்தத்தை எப்ப எடுப்பினம்?"