பல் அடைப்பை இறுக வைக்கும் நீல ஒளி: பாதரசம் விடைபெறும் காலத்தில் கேரள எல்லைப் பகுதி மக்கள் அறிய வேண்டியது என்ன?

பாலக்காடு/இடுக்கி: சொத்தைப் பல்லை அடைப்பதற்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தப்பட்டு வரும் பாதரசக் கலவை, 2034ஆம் ஆண்டுடன் உலக அளவில் முடிவுக்குக் கொண்டுவரப்பட உள்ளது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் நடைபெற்ற மினமாட்டா உடன்படிக்கையின் ஆறாவது மாநாட்டில் உறுப்பு நாடுகள் இந்த முடிவை எடுத்தன. 2018 ஜூன் மாதம் அந்த உடன்படிக்கையை ஏற்று உறுதி செய்த நாடு என்ற வகையில், இந்தியாவுக்கும் இந்த முடிவில் பங்கு உண்டு.

சுற்றுச்சூழல் நோக்கில் இது வரவேற்கத்தக்க முடிவு. பல்லில் வைக்கப்படும் வெள்ளி நிறக் கலவையின் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசமே ஆகும். ஆனால், அந்தக் கலவையிடம் ஒரு வசதி இருந்தது. குழியில் வைத்து அழுத்திவிட்டால் போதும். மின்சாரமோ விளக்கோ இல்லாமல் அது தானாகவே இறுகிவிடும். அதன் இடத்தைப் பெருமளவில் பிடித்துள்ள, பல்லின் நிறத்திலேயே இருக்கும் ரெசின் கலவை அப்படிப்பட்டது அல்ல. நீல ஒளி போதுமான அளவில் அடிவரை சென்று சேர்ந்தால் மட்டுமே அது முழுமையாக இறுகும். ஒளி குறைந்தால், மேற்பரப்பு கல்லைப் போல் கெட்டியாகவும் அடிப்பகுதி மென்மையாகவும் நின்றுவிடும். அந்தக் குறை மருத்துவரின் கண்ணுக்கும் தெரிவதில்லை, நோயாளிக்கும் உடனே தெரிவதில்லை.

சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ கழித்து அடைப்பின் ஓரம் விலகி, உள்ளே மீண்டும் சொத்தை பிடிக்கும்போதுதான் அது வெளிப்படுகிறது. நகரவாசிக்கு இது இன்னொரு முறை மருத்துவமனைக்குச் செல்லும் தொந்தரவு. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை பகுதிகளின் தோட்டத் தொழிலாளிக்கும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை பகுதிகளின் விவசாயக் கூலிக்கும் அது ஒரு நாள் கூலி இழப்பு. பல சமயங்களில் எல்லை தாண்டிய பயணமும் கூட. மூணாறில் இருந்து போடி, தேனிக்கும், குமுளியில் இருந்து கம்பத்துக்கும், கொழிஞ்சாம்பாறையில் இருந்து பொள்ளாச்சி, கோவைக்கும் மருத்துவத்துக்காகச் சென்று வருவது இப்பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதல்ல.

கற்பூரத்தின் வழித்தோன்றல்:

ரெசின் கலவை என்பது பசை போன்ற ஒரு கரிம வேதிப்பொருளும், அதில் நிரப்பப்பட்ட மிக நுண்ணிய கண்ணாடித் துகள்களும் சேர்ந்தது. இதன் அடிப்படை வேதிப்பொருளை அமெரிக்க தேசியத் தர நிர்ணய அமைப்பில் பணியாற்றிய ரஃபேல் போவன் உருவாக்கினார். அதற்கான காப்புரிமை 1962இல் வழங்கப்பட்டது. தொடக்கத்தில் இரண்டு பசைகளைக் கலந்து இறுக வைத்தனர். பின்னர் புற ஊதாக் கதிர் வந்தது. அது கண்ணுக்குத் தீங்கானது என்பதுடன், ஆழமாகவும் ஊடுருவவில்லை. 1970களின் பிற்பகுதியில் கண்ணுக்குத் தெரியும் நீல ஒளி அந்த இடத்தைப் பிடித்தது.

நீல ஒளியை மட்டும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், கலவையில் மிகச் சிறிய அளவில் சேர்க்கப்படும் கேம்போர்குயினோன் என்ற மஞ்சள் நிறப் பொருள். நம் வீடுகளில் ஏற்றப்படும் கற்பூரத்தில் இருந்து வேதிமாற்றத்தின் மூலம் பெறப்படும் பொருள் இது. சுமார் 468 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை இது மிக நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். ஒளி பட்டவுடன் வினைத்திறன் மிக்க துணுக்குகள் உருவாகி, பசையின் மூலக்கூறுகளை ஒன்றுடன் ஒன்று கோக்கத் தொடங்கும். பூச்சரம் தொடுப்பது போன்ற இந்த வேலை ஒருபோதும் நூறு விழுக்காடு முடிவதில்லை. நல்ல நிலையிலும் இணைய வேண்டிய பிணைப்புகளில் பாதி முதல் முக்கால் பங்கு வரையே இணைகின்றன. எஞ்சியவை அப்படியே தங்கிவிடும். இந்த விகிதத்தைச் சற்றேனும் உயர்த்த முடியுமா என்பதில் இருந்தே வெப்பம் குறித்த ஆய்வுகள் தொடங்கின.

பாலக்காட்டு வெயிலும் மூணாறு பனியும்:

பல் அடைக்கும் பசை வெப்பநிலைக்கு ஏற்பத் தன் தன்மையை மாற்றிக்கொள்ளும். குளிரில் இறுகி, வெம்மையில் இளகும் நெய்யுடன் இதை ஒப்பிடலாம். பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியில் கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைக் கடப்பது உண்டு. 2024 ஏப்ரலில் இந்திய வானிலை ஆய்வு மையம் அம்மாவட்டத்துக்கு வெப்ப அலை எச்சரிக்கை விடுத்தது. அதே மாநிலத்தின் மூணாறில், கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்குகிறது.

ஆகவே சமவெளியில் கலவையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்க வேண்டிய நிலை. மலையிலோ அறையே குளிர்ப்பெட்டி போல இருக்கும் காலைப் பொழுதுகள் உண்டு. இரண்டு இடங்களிலும் விளைவு ஒன்றுதான்: குளிர்ந்த பசை நேரடியாகப் பல்லுக்குள் செல்லும் வாய்ப்பு. குளிர்ந்த பசை கெட்டியாக இருப்பதால் குழியின் மூலை முடுக்குகளில் சரியாகப் படியாது. இடையில் காற்றிடைவெளி விழும். மூலக்கூறுகளின் நகர்வும் குறைவதால் பிணைப்புகளும் குறைவாகவே இணையும். அதனால்தான், குளிர்ப்பெட்டியில் இருந்து எடுத்த கலவையை அறை வெப்பத்துக்கு வரவிட்டு, அதன் பிறகே பயன்படுத்த வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன.

இதற்கு ஒரு படி மேலே சென்று கலவையைச் சூடாக்கிப் பார்த்தவர்கள் பிரேசில், அமெரிக்க ஆய்வாளர்கள். 2005இல் வெளியான அவர்களது ஆய்வில் கலவை 3 டிகிரி முதல் 60 டிகிரி வரை பல வெப்பநிலைகளில் வைக்கப்பட்டு, வெவ்வேறு கால அளவுகளுக்கு ஒளி பாய்ச்சப்பட்டது. வெப்பம் உயர உயரப் பிணைப்பு விகிதமும் உயர்ந்தது. 60 டிகிரிக்குச் சூடாக்கிய கலவைக்கு ஒளி நேரத்தைக் கணிசமாகக் குறைத்த போதும், அறை வெப்பத்தில் 20 விநாடி ஒளி பெற்ற கலவைக்கு இணையான விகிதம் கிடைத்தது. இப்போது கலவைக் குப்பிகளை 50 முதல் 70 டிகிரி வரை சூடாக்கும் சிறிய மேசைக் கருவிகள் சந்தையில் உள்ளன. சூடாக்கியே பயன்படுத்த வேண்டும் என்று வடிவமைக்கப்பட்ட கலவைகளும் வந்துவிட்டன.

இருப்பினும், ஆய்வகத்தில் கிடைத்த பலன் அப்படியே வாயில் கிடைப்பதில்லை. சூடாக்கும் கருவியில் இருந்து எடுத்த இரண்டு நிமிடங்களில் கூடுதல் வெப்பத்தில் பாதியும், ஐந்து நிமிடங்களில் பெரும்பகுதியும் போய்விடுகிறது. பல்லில் வைத்து, வடிவம் கொடுத்து, விளக்கை எடுப்பதற்குள் கலவை ஏறக்குறைய உடல் வெப்பத்துக்கு இறங்கிவிடும். எனவே சூடாக்குவதன் உறுதியான பயன், கலவை இளகிக் குழியில் நன்கு படிவதே. சூடாக்கியதை நம்பி ஒளி நேரத்தைக் குறைப்பது ஆபத்தான சிக்கனம்.

சூடான பசை பல்லின் உள்நரம்பைப் பாதிக்காதா என்ற ஐயம் இயல்பானது. 1965இல் குரங்குகளில் நடத்தப்பட்ட புகழ்பெற்ற ஆய்வு ஒன்றில், பற்கூழின் வெப்பம் 5.5 டிகிரி உயர்ந்த போது சுமார் 15 விழுக்காடு பற்களில் கூழ் மீளவில்லை. இன்றும் அந்த எண்ணே எல்லைக்கோடாகக் கருதப்படுகிறது. சூடாக்கிய கலவையால் பற்கூழில் ஏற்படும் உயர்வு ஒரு டிகிரிக்கும் குறைவே என்று பிற்கால அளவீடுகள் காட்டின. அதைவிட அதிக வெப்பத்தைத் தருவது, குளிர்ச்சியாகத் தோன்றும் அந்த நீல விளக்குதான். ஆற்றல் மிக்க விளக்கை நீண்ட நேரம் ஓரிடத்தில் பிடிக்கும்போது காற்றூதிக் குளிர்விக்க வேண்டும், அல்லது இடைவெளி விட்டு ஒளி பாய்ச்ச வேண்டும் என்று கூறப்படுவது இதனால்தான்.

விளக்கைச் சோதிப்பது யார்?

முன்பு பயன்பாட்டில் இருந்த ஹாலஜன் விளக்குகளின் குமிழ், வடிகட்டி, ஒளிக்குழாய் ஆகிய மூன்றுமே காலப்போக்கில் மங்கின. மின் அழுத்தம் ஏறி இறங்கினால் ஒளியும் உடன் ஏறி இறங்கியது. நீல எல்.இ.டி. இந்த நிலையை மாற்றியது. 1990களில் நடைமுறைக்கு வந்த அந்தக் கண்டுபிடிப்புக்காக ஜப்பானில் பிறந்த மூன்று அறிவியலாளர்களுக்கு 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. மின்கலத்தில் இயங்கும், கையடக்கமான எல்.இ.டி. விளக்கு, மின்தடை மிகுந்த மலைப் பகுதிகளுக்கு மிகவும் ஏற்றது.

ஆனால் நீல வெளிச்சம் வருகிறது என்பதற்காக ஒளி போதுமானது என்று பொருளல்ல. இதை ஒரு எளிய கணக்கால் விளக்கலாம். இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள அடுக்குக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 16 ஜூல் ஆற்றல் தேவை என்பது பொதுவான அளவுகோல். 800 மில்லிவாட் தரும் விளக்கு இதை 20 விநாடிகளில் கொடுத்துவிடும். முனையில் பழைய ரெசின் ஒட்டி, 200 மில்லிவாட்டாகக் குறைந்துவிட்ட விளக்கோ அதே 20 விநாடிகளில் கால் பங்கை மட்டுமே கொடுக்கும். இரண்டும் கண்ணுக்கு ஒரே நீலம்தான்.

மகாராஷ்டிரத்தில் பல் மருத்துவமனைகளின் 200 விளக்குகளை அளந்து, 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வில் பெரும்பாலானவை போதிய ஒளி தரவில்லை என்பது தெரியவந்தது. பிற நாடுகளில் நடத்தப்பட்ட கணக்கெடுப்புகளிலும் இதே குறை பேசப்பட்டுள்ளது. கையின் பங்கும் சிறிதல்ல. கடைவாய்ப் பல்லில் விளக்கு முனையைச் சாய்த்துப் பிடித்தாலோ, சில மில்லிமீட்டர் விலக்கினாலோ அடியைச் சேரும் ஒளி வெகுவாகக் குறையும். கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில், செயற்கை வாய்க்குள் உணரிகளைப் பொருத்தி, எவ்வளவு ஒளி உண்மையில் பல்லைச் சென்றடைகிறது என்பதைத் திரையில் காட்டும் பயிற்சிக் கருவி உருவாக்கப்பட்டது. ஒரே விளக்கு, ஒரே பல் என்றாலும் ஆளுக்கு ஆள் சேரும் ஆற்றல் பெரிதும் மாறுபடுவதும், குறுகிய பயிற்சியிலேயே அது மேம்படுவதும் அதில் புலப்பட்டது.

கேரளத்துக்கு இந்தத் துறை அந்நியமானது அல்ல. குறைந்த விலை இதய வால்வைத் தந்ததற்காக அறியப்படும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம், ஒளியால் இறுகும் பல் கலவைகள் குறித்தும் ஆய்வு செய்துள்ளது. உள்நாட்டிலேயே கலவை கிடைப்பது விலையைக் குறைக்க உதவும். எனினும், மலையோர மருத்துவமனைகளில் கலவையைவிட எளிதில் கவனத்தில் இருந்து நழுவுவது விளக்குதான்.

விளக்கே வேண்டாத வழி:

விளக்கை நம்ப முடியாத இடங்களுக்கு இன்னொரு பொருள் உள்ளது. லண்டனில் உள்ள அரசு வேதியியல் ஆய்வகத்தில் வில்சன், கென்ட் ஆகியோர் உருவாக்கி 1970களின் தொடக்கத்தில் வெளியிட்ட கிளாஸ் அயனோமர் சிமெண்ட், அமிலமும் கண்ணாடித் தூளும் வினைபுரிந்து தானாக இறுகுவது. பல்லுடன் நேரடியாக ஒட்டும். ஃபுளோரைடையும் வெளியிடும். 1980களில் தான்சானியாவில், மின்சாரம் இல்லாத கிராமங்களில் தொடங்கிய, கைக்கருவிகளால் சொத்தையைச் சுரண்டி எடுத்து அடைக்கும் முறைக்குப் பின்னர் கைகொடுத்தது இதே வகைச் சிமெண்ட்தான். 2021இல் உலக சுகாதார அமைப்பு இதைத் தனது அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

இதன் குறை, தொடக்க நிமிடங்களில் ஈரத்தைத் தாங்காமை, பிறகு தேய்மானம். இங்கும் வெப்பம் உதவிக்கு வருகிறது. குரோஷியாவின் சாக்ரெப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ரெசின் சேர்க்காத சாதாரண கிளாஸ் அயனோமரின் மீது எல்.இ.டி. விளக்கைப் பிடித்துச் சோதித்தனர். ஒளிக்கு அதில் எந்த வேதி வேலையும் இல்லை. விளக்கின் சூடு மட்டுமே இறுகுதலை விரைவுபடுத்தியது. ரெசினுக்கு விளக்காக இருக்கும் கருவி, இங்கு அடுப்பாகச் செயல்படுகிறது என்று சொல்லலாம். மெல்லும் விசையை நேரடியாகத் தாங்கும் பெரிய குழிகளில் ரெசினுக்கு இது முழு மாற்றாகிவிடாது. ஆனால் குழந்தைகளின் பால் பற்களுக்கும், பள்ளி முகாம்களுக்கும் நல்ல துணை.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை:

பல் அடைக்கும் போது ஒவ்வொரு அடுக்குக்கும் தனியாக ஒளி பாய்ச்சப்படும். ஆழமான குழியாக இருந்தும் ஒரே முறையில் சில விநாடிகளுடன் முடிந்துவிட்டால், அது ஏன் என்று கேட்பதில் தவறில்லை. தடிமனாக ஒரே அடுக்கில் வைக்கத்தக்க கலவைகளும் இருப்பதால், அதற்கு உரிய பதிலும் இருக்கக்கூடும். ஒளி பாயும்போது தலையை அசைக்காமல் இருப்பது அவசியம். நீல ஒளியை நேராகப் பார்க்கக் கூடாது. ஆரஞ்சு நிறத் தடுப்புக் கண்ணாடி அதற்காகவே வைக்கப்பட்டுள்ளது. ஈறிலோ கன்னத்தின் உட்புறத்திலோ சுட்டால் உடனே கையை உயர்த்தித் தெரிவிக்க வேண்டும்.

அடைத்த பல்லில் சில நாட்கள் லேசான கூச்சம் இருப்பது இயல்பு. கடிக்கும்போது வலி நீடித்தாலோ, ஓரத்தில் உணவு சிக்கத் தொடங்கினாலோ, அடைப்பு உடைந்து விழும் வரை காத்திருக்கக் கூடாது. எல்லையின் ஒரு பக்கம் அடைத்துக்கொண்டு மறுபக்கம் சிகிச்சைக்குச் செல்வோர், எந்தப் பல்லில், எப்போது, என்ன பொருள் வைக்கப்பட்டது என்பதைச் சீட்டில் எழுதி வாங்கி வைத்திருப்பது அடுத்த மருத்துவருக்கு உதவும். மருத்துவமனைகளின் பக்கத்தில் செய்ய வேண்டியது இன்னும் சிறியது. விளக்கின் முனையை ரேடியோமீட்டர் எனப்படும் அளவுமானியின் மீது வைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. விளக்கு புதிதாக வந்த நாளில் காட்டிய எண்ணைக் குறித்து வைத்து, மாதம் ஒருமுறை ஒப்பிட்டால், அது எப்போது மங்கத் தொடங்கியது என்பது நோயாளியின் பல்லுக்கு முன்பாகவே தெரிந்துவிடும்.